ஏழு சொற்களும் ஒரு கம்பியும்

1973 ஒக்டோபர் 30 ஆம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணியளவில், நியூயோர்க் நகரத்தின் டபிள்யூ.பி.ஏ.ஐ. என்னும் வானொலி நிலையம் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டது. அதில் இசை இல்லை. ஜோர்ஜ் கார்லின் என்ற நகைச்சுவையாளர் அரங்கில் நின்று பேசிய பன்னிரண்டு நிமிடப் பேச்சொன்றே இருந்தது. வானலையில் ஒருபோதும் உச்சரிக்க முடியாத சொற்கள் எவை என்று அவர் எண்ணிக் காட்டுகிறார், சபை சிரிக்கிறது. சிலருக்கு இது பிடிக்காமற் போகலாம் என்று நிலையத்தார் முன்கூட்டியே சொல்லியிருந்தனர். அந்த நேரத்தில் தன் மகனுடன் காரில் போய்க்கொண்டிருந்த தந்தை ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். சில வாரங்கள் கழித்து அரசின் தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார். அந்த ஒலிபரப்பைப் பற்றி ஆணைக்குழுவுக்குக் கிடைத்த முறைப்பாடு அது ஒன்றுதான்.

அந்த ஒற்றைக் கடிதத்திலிருந்து கிளம்பிய வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் எந்த வாயில் எந்தச் சொல் வரலாம் என்பதை இன்றுவரை தீர்மானிக்கின்ற தீர்ப்பும் அதிலிருந்தே பிறந்தது. அத்தீர்ப்பின் கதையையும், அதற்கு அகப்படாமல் தப்பிய கேபிள் தொலைக்காட்சியின் கதையையும் சேர்த்துப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். வசைச்சொல்லைத் தடுப்பதற்கென்று அங்கே போடப்பட்ட வேலிகள் எதுவும் சொல்லைப் பார்த்துப் போடப்பட்டவையல்ல. சொல் வந்த வழியைப் பார்த்தார்கள், பணம் கொடுப்பவர் யாரென்று பார்த்தார்கள், பின்னர் ஒரு கட்டத்தில் யாருக்குப் பயப்படவேண்டும் என்றும் பார்த்தார்கள். அந்தக் கடைசிக் கட்டம் முஸ்லிம்களாகிய எங்களையும் தொட்டது. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

கார்லினின் ஏழு சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஆசிரியர் குழு கத்தரித்துவிடும். 1972 இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டொன்றில்தான் அந்தப் பட்டியல் முதலில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மில்வோக்கி நகரத்துக் கோடை விழாவில் மேடையேறி அதைச் சொன்னதற்காகப் பொலிஸார் அவரைக் கைது செய்தனர். டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நேரிலே மேடையில் சொல்வது குற்றமல்ல என்றாயிற்று. அடுத்த ஆண்டு அதன் தொடர்ச்சியான பேச்சு வானலையில் ஏறியபோது கதை வேறாகிவிட்டது.

அமெரிக்காவிலே வானலை பொதுச்சொத்து. அதைப் பயன்படுத்த வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, சுருக்கமாக எப்.சி.சி., அதைக் கொடுக்கிறது. வானலையில் ஆபாசமானதோ அநாகரிகமானதோ வசைமொழியோ பேசப்படக்கூடாது என்று குற்றவியற் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. 1975 இல் ஆணைக்குழு அந்த வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு அநாகரிகமானது என்று முடிவு செய்தது. தண்டம் விதிக்கவில்லை, நிலையத்தின் கோப்பில் ஒரு குறிப்பை வைத்ததோடு சரி. நிலையத்தை நடத்திய பசிபிக்கா மன்றம் மேன்முறையீடு செய்தது. 1978 ஜூலை 3 ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணைக்குழுவின் பக்கம் நின்றது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜோன் போல் ஸ்டீவன்ஸ். அவர் காட்டிய முக்கிய காரணங்கள் இரண்டு. வானலை அழைக்காமலே வீட்டுக்குள் நுழைந்து எங்கும் பரவி நிற்கிறது என்பது ஒன்று. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது எட்டிவிடுகிறது என்பது மற்றது. தொழுவத்தில் நிற்க வேண்டிய பன்றி வரவேற்பறைக்குள் நுழைந்துவிட்டால் ஆணைக்குழு அதை விரட்டலாம், பன்றி ஆபாசமானதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்ற கருத்தில் ஓர் உவமையும் தந்தார். அந்த உவமையை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், அத்தீர்ப்பின் பின்னிணைப்பாகக் கார்லினின் பேச்சு ஒரு சொல்கூட விடாமல் முழுமையாக அச்சிடப்பட்டிருக்கிறது. வானொலியில் சொல்லக்கூடாததை நாட்டின் சட்ட நூலகங்கள் எல்லாவற்றிலும் எவரும் எடுத்து வாசிக்கலாம்.

அடுத்து நடந்தது அதைவிட வேடிக்கை. ஆணைக்குழுவிடம் தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியல் என்று எதுவும் இருந்ததில்லை. கார்லினின் பட்டியல் அவருடைய சொந்தக் கற்பனை. சபையைச் சிரிக்கவைக்கத் தொகுத்தது. தீர்ப்புக்குப் பின் ஏறக்குறைய ஒன்பது வருடங்கள், அந்த ஏழு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரமே நடவடிக்கை என்ற அளவிலேயே ஆணைக்குழு நின்றுகொண்டது. 1987 வரை எந்த ஒலிபரப்பையும் அது அநாகரிகமென்று கண்டதுமில்லை. நாட்டின் ஒலிபரப்பு நெறியை ஒரு கோமாளி எழுதிக் கொடுத்ததாகவே ஆயிற்று. 1987 இல் ஆணைக்குழு தன் அளவுகோலை விரித்தது. 1995 அளவில், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை மாத்திரம் கட்டுப்பாடு தளரும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

இவையெல்லாம் வானலைக்கு. இனிக் கம்பியின் கதைக்கு வருவோம்.

கேபிள் தொலைக்காட்சி பிறந்தது 1940 களின் பிற்பகுதியில், மலைப்பாங்கான பென்சில்வேனியாவிலும் ஒரிகனிலும். நகரத்து நிலையங்களின் அலை மலையில் முட்டித் திரும்பிவிடும். ஊருக்கு ஒரு பெரிய அன்டனாவை உயரமான இடத்தில் நாட்டி, அங்கிருந்து வீடுவீடாகக் கம்பி இழுத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைக்காரர்கள்தாம் பெரும்பாலும் இதைச் செய்தவர்கள். படம் தெரியாவிட்டால் பெட்டியை யார் வாங்குவார்? அக்காலத்தில் கம்பி வழியாக வந்ததும் வானலையில் வந்ததும் ஒரே நிகழ்ச்சிகள்தாம்.

அந்த நிலையை மாற்றியது ஹோம் பொக்ஸ் ஒபிஸ் என்ற எச்.பி.ஓ. 1972 நவம்பர் 8 ஆம் திகதி, பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி என்ற சிறு நகரில் 365 சந்தாதாரர்களுடன் அது தொடங்கியது. விளம்பரம் கிடையாது, மாதச் சந்தா மட்டுமே வருமானம். 1975 செப்டெம்பர் 30 இரவு அது செய்மதி வழியாக நிகழ்ச்சி அனுப்பத் தொடங்கியபோது முதலில் காட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? மணிலாவில் முஹம்மத் அலி ஜோ பிரேசியரோடு மோதிய குத்துச்சண்டையை. ஒரு முஸ்லிம் குத்துச்சண்டை வீரரின் முஷ்டியோடுதான் அமெரிக்கக் கேபிள் நாடளாவிய தொழிலாக எழுந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே எச்.பி.ஓ. 1977 இல் ஜோர்ஜ் கார்லினைக் கூப்பிட்டது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசிய நிகழ்ச்சியைச் சந்தாதாரர்களுக்குக் காட்டியது. வழக்கு அப்போது நீதிமன்றில் இருந்தது. ஆரம்பத்தில் எச்சரிக்கை விடுத்தார்கள். அந்தப் பகுதி வரும் நேரம் திரையை நிறுத்தி, இனி வரும் மொழி சிலருக்கு ஒவ்வாதது என்று இன்னொரு தடவை அறிவித்தார்கள். பிறகு கார்லின் தன் பட்டியலைச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. தீர்ப்பு வெளியான 1978 இலும் எச்.பி.ஓ. அவரை மீண்டும் கொண்டுவந்தது. 2008 இல் அவர் இறக்கும்வரை மொத்தம் பதினான்கு நிகழ்ச்சிகள் அங்கே வந்தன. பெட்டி ஒன்று, திரை ஒன்று, அறை ஒன்று, குழந்தையும் ஒன்று. அன்டனா வழியே வந்தால் பன்றி. கம்பி வழியே வந்தால் விருந்தாளி.

சில மாநிலங்களும் நகரங்களும் இதைச் சகிக்கவில்லை. மோர்மன் சமயத்தவர் பெரும்பான்மையாக வாழும் யூட்டா மாநிலம் கேபிளில் அநாகரிகத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மயாமி நகரமும் அவ்வாறே செய்தது. மயாமி வழக்கில் 1985 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. வானலை தானாக வருகிறது. கேபிளை ஒருவர் கேட்டு, மாதாமாதம் பணம் கட்டி வீட்டுக்குள் எடுக்கிறார். பிள்ளைகள் பார்க்காதிருக்கப் பூட்டும் கருவியும் அவருக்குக் கிடைக்கிறது. ஆகவே 1978 தீர்ப்பு இதற்குப் பொருந்தாது. யூட்டாவின் சட்டமும் விழுந்தது. 1987 இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஆமோதித்தது. 2000 இல் வயதுவந்தோருக்கான சனலொன்று தொடர்பான வழக்கிலும், அரசு கைவைக்குமுன் வீட்டார் தாமே அடைத்துக்கொள்ளும் வழியைப் பார்க்கவேண்டும் என்றே உயர் நீதிமன்றம் கூறியது.

அப்படியானால் கேபிளில் எதையும் பேசலாமே? சட்டத்தின்படி பேசலாம். ஆனாலும் அமெரிக்கக் கேபிள் சனல்களிற் பெரும்பாலானவை பீப் சத்தத்தோடுதான் இத்தனை காலமும் ஓடியிருக்கின்றன. எச்.பி.ஓ. போன்றவை சந்தாவில் வாழ்பவை. மற்றவை சந்தாவோடு விளம்பரத்திலும் வாழ்பவை. சவர்க்காரமும் காரும் விற்பவர் தன் பொருளின் பெயர் ஒரு வசைச்சொல்லுக்குப் பக்கத்தில் வருவதை விரும்பார். அரசு தணிக்கை செய்யாத இடத்தில் அந்த வேலையைக் கணக்குப்பிள்ளை செய்தார். ஒவ்வொரு சனலிலும் தர நிர்ணயப் பிரிவு என்று ஒன்று இருந்து, எந்தச் சொல் எத்தனை தடவை என்று தயாரிப்பாளரோடு பேரம் பேசியது. காய்கறிச் சந்தையில் நடப்பது போலத்தான்.

இதற்கு நல்ல உதாரணம் ‘த சொப்ரானோஸ்’ என்ற தொடர். நியூ ஜெர்ஸியில் வாழும் இத்தாலிய வம்சாவளிக் கொலைக் கும்பலொன்றின் கதை. 1999 ஜனவரியில் எச்.பி.ஓ. வில் தொடங்கியபோது அதில் வசை மழையாகப் பொழிந்தது, பாத்திரங்கள் அப்படிப்பட்டவர்கள். 2007 இல் அதே தொடர் ‘ஏ அன்ட் ஈ’ என்ற விளம்பரச் சனலில் வரத் தொடங்கியது. என்றாவது ஒருநாள் விற்கவேண்டிவரும் என்று எண்ணி, மென்மையான மாற்றுச் சொற்களையும் நடிகர்களைக் கொண்டு முன்னரே பதிந்து வைத்திருந்தனர். அதே கொலைகாரன், அதே முகபாவம், அதே கொலை. வாயில் மட்டும் பாலர் வகுப்புச் சொல். இரண்டு சனல்களும் வந்தது ஒரே கம்பியில்.

2008 இல் ஏ.எம்.சி. என்ற விளம்பரச் சனலில் ‘பிரேக்கிங் பாட்’ தொடங்கியது. இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் காய்ச்சப் போகும் கதை. (ஆசிரியத் தொழிலைச் சேர்ந்தவன் என்பதால் சற்றுக் கலக்கத்தோடுதான் பார்த்தேன்.) ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்றிலேயே ஒரு பிணத்தை அமிலத்தில் கரைக்கிறார்கள், அது கூரையைப் பொத்துக்கொண்டு கீழே கொட்டுகிறது. அதை முழுமையாகக் காட்டினார்கள். ஆனால் அத்தொடரில் வந்த குறித்த ஒரு வசைச்சொல்லின் ஒலியை மட்டும் அணைத்தார்கள். அதே சனலில் வந்த ‘த வோக்கிங் டெட்’ தொடரில் மனிதனை மனிதன் தின்னும் காட்சியெல்லாம் வந்தது. 2014 மார்ச்சில் ஒரு பருவத்தின் கடைசி வசனத்தில், மூலச் சித்திரக்கதையில் இருந்த ஒரு சொல்லை மாற்றி மென்மையான சொல்லைப் போட்டார்கள். பிறகு இறுவட்டில் மூலச்சொல்லோடு அதே காட்சி விற்பனைக்கு வந்தது.

நமது நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டத்தின் பின் படங்களில் சிகரெட்டையும் மதுக் கிண்ணத்தையும் மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். அந்தச் சட்டத்தை நான் ஆதரிப்பவன். ஆனால் கதாநாயகனின் விரலிடுக்கை மறைத்துவிட்டு, அவன் மற்றக் கையிலுள்ள வாளைப் பளபளப்பாகக் காட்டும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தரம் பத்தில் படித்த ஒரு மாணவன் ஒருநாள் என்னிடம், “சேர், அந்தப் பீப் எண்டு கேக்கிற இடத்துல என்னயாம் சொல்றான்?” என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்திலிருந்தவன், “அது உனக்குத் தெரியாதா?” என்றான். பிறகு பாடத்தைத் தொடர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆயிரம் ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும் அந்தப் பீப் சத்தம் எதையும் மறைப்பதில்லை என்றும், பிள்ளைக்கு இடத்தைச் சுட்டிக் காட்டுகிறது என்றும் அன்றுதான் எனக்குப்பட்டது.

வானலைத் தொலைக்காட்சிக்குச் சட்டம் இருந்ததே, அங்காவது ஒழுங்கு இருந்ததா என்றால், இல்லை. 2003 ஜனவரியில் ஒரு பரிசளிப்பு விழாவில் ஐரிஷ் பாடகர் போனோ மகிழ்ச்சி மிகுதியில் ஒரு வசைச்சொல்லை உதிர்த்தார். நேரடி ஒளிபரப்பில் அது போய்விட்டது. அந்தச் சொல் அங்கே பெயரடையாக, வியப்பை அழுத்திச் சொல்லவே வந்தது, எனவே அது அநாகரிகமல்ல என்று ஒக்டோபரில் ஆணைக்குழுவின் நடைமுறைப் பிரிவு முடிவு சொன்னது. இலக்கணம் கற்பிக்கும் எங்களுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா? ஆனால் 2004 மார்ச்சில் ஆணைக்குழுவே அந்த முடிவைக் கவிழ்த்து, பெயரடையாக வந்தாலும் குற்றமே என்றது. இடையில், பெப்ரவரி 1 ஆம் திகதி காற்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடகி ஜெனட் ஜக்ஸனின் ஆடை விலகிய சம்பவம் நடந்து நாடே கொதித்திருந்தது. 2006 இல் ஒரு மீறலுக்கான தண்டம் 32,500 டொலரிலிருந்து 325,000 டொலராகப் பத்து மடங்காயிற்று.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு சோடி முடிவு. இரண்டாம் உலகப் போரைப் பற்றி ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’ திரைப்படத்தை ஏ.பி.சி. வலையமைப்பு 2004 நவம்பர் 11 இல் வெட்டாமல் காட்டியது. தண்டத்துக்குப் பயந்து அறுபதுக்கு மேற்பட்ட நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. 2005 இல் ஆணைக்குழு, அந்தச் சொற்கள் போரின் உண்மையைக் காட்ட அவசியமானவை, குற்றமில்லை என்றது. அடுத்த ஆண்டு, மார்ட்டின் ஸ்கோர்சேஸி தயாரித்த ‘த புளூஸ்’ என்ற ஆவணத் தொடரின் ஒரு பகுதியைக் காட்டியதற்காகக் கலிபோர்னியாவின் சான் மட்டேயோவிலுள்ள ஒரு கல்லூரியின் சிறு நிலையத்துக்கு 15,000 டொலர் தண்டம் விதிக்க முன்வந்தது. அதில் பேசியவர்கள் சிகாகோவின் கறுப்பு இசை மரபைச் சேர்ந்த கலைஞர்களும் இசைத்தட்டுக்காரர்களும். அவர்கள் தம் வாழ்க்கையைத் தம் நாவால் சொன்னார்கள். அவர்களுக்கு அந்தச் சொற்கள் அவசியமில்லையாம். கற்பனைப் படைவீரன் திட்டினால் உண்மை. உண்மையான பாடகன் திட்டினால் அநாகரிகம். 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சோடியைச் சுட்டிக்காட்டித்தான் ஆணைக்குழுவின் கொள்கை தெளிவற்றது என்று சொன்னது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றமும், எது குற்றம் என்று முன்னறிவித்தல் இல்லாமல் தண்டிக்க முடியாது என்று ஏகமனதாகத் தீர்த்தது. ஆனால் 1978 தீர்ப்பை அது தொடவில்லை.

இதே படமும் இதே ஆவணத் தொடரும் கேபிளில் வந்திருந்தால் ஆணைக்குழுவுக்கு வாய் திறக்கவே அதிகாரமில்லை. இதைக் கண்டு எரிச்சலடைந்த செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ், கேபிளுக்கும் அதே விதி வேண்டுமென்று 2005 இல் பகிரங்கமாகச் சொன்னார். அது நிறைவேறவில்லை.

இனி, நான் சொல்லத் தயங்கும் பகுதி. கொமெடி சென்ட்ரல் என்ற கேபிள் சனலில் 1997 முதல் ‘சௌத் பார்க்’ என்ற கேலிச்சித்திரத் தொடர் வருகிறது. எதையும் எவரையும் விட்டுவைக்காத தொடர். 2001 ஜூன் 20 அன்று வந்த அத்தியாயத்தில் ஒரே வசைச்சொல்லைப் பீப் இல்லாமல் 162 தடவை சொன்னார்கள். திரையின் மூலையில் ஓர் எண்ணி ஒவ்வொரு தடவையையும் கணக்கிட்டது. வானலைத் தொலைக்காட்சி அச்சொல்லை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பெருமை பேசியதைக் கேலி செய்யவே அப்படிச் செய்தார்கள். சனல் அனுமதித்தது. அதிலிருந்து சரியாக இரண்டு கிழமையில், ஜூலை 4 ஆம் திகதி, இன்னோர் அத்தியாயம். அதில் பல சமயங்களின் பெரியார்களோடு எமது நபி முஹம்மத் (ஸல்) அவர்களையும் உருவமாக வரைந்து காட்டினார்கள். அப்போது எவரும் கேட்கவில்லை. எங்களில் பலருக்கு அது தெரியவும் இல்லை.

2005 செப்டெம்பர் 30 இல் டென்மார்க்கின் ‘யுலண்ட்ஸ்-பொஸ்டன்’ பத்திரிகை கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உலகம் எரிந்ததை வாசகர்கள் அறிவர். 2006 ஏப்ரலில் சௌத் பார்க் அதைக் கருவாக எடுத்து நபியவர்களை மீண்டும் வரைய முனைந்தது. இப்போது கொமெடி சென்ட்ரல் மறுத்தது. உருவம் வரவேண்டிய இடத்தில், சனல் அதைக் காட்ட மறுத்துவிட்டது என்ற வாசகம் மட்டும் கறுப்புத் திரையில் வந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால், எங்கள் உணர்வை ஒருவர் மதித்தார் என்று நன்றியோடு எடுத்திருக்கலாம். ஆனால் அதே அத்தியாயத்தின் முடிவில் இயேசுவை வாயால் சொல்லக் கூசும் விதமாக இழிவுபடுத்திய காட்சி தடையின்றிப் போயிற்று. ஈஸா (அலை) அவர்கள் எங்களுக்கும் நபி என்பதைச் சனலின் தர நிர்ணயப் பிரிவில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை. முஸ்லிம்களின் மனம் புண்படும் என்பதுதான் காரணமென்றால் அந்தக் காட்சியையும் நிறுத்தியிருக்க வேண்டும். அதற்காக வீதியில் எவரும் இறங்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கு அவ்வளவுதான்.

2010 ஏப்ரலில் அது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. தொடரின் இருநூறாவது அத்தியாயத்திலும் அதற்கடுத்ததிலும் நபியவர்களைப் பற்றிய பேச்சு வருகிறது. முதற் பகுதி வந்தபின், நியூயோர்க்கைச் சேர்ந்த ஒரு சிறு குழு, 2004 இல் கொல்லப்பட்ட டச்சுத் திரைப்படக்காரர் தியோ வான் கோவின் சடலப் படத்தைப் போட்டுத் தயாரிப்பாளர்களை மிரட்டியது. மிரட்டியவர்களில் இருவர் அமெரிக்காவிலேயே பிறந்து இஸ்லாத்துக்கு வந்தவர்கள். பிறகு 2011 இலும் 2012 இலும் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். ஏப்ரல் 21 அன்று இரண்டாம் பகுதி வந்தபோது நபியவர்களின் பெயர் வரும் இடமெல்லாம் பீப். கடைசியில் வரும் ஏறக்குறைய அரை நிமிடப் பேச்சு முழுவதும் ஒரே நீண்ட பீப். அந்தப் பேச்சில் நபியவர்களின் பெயரே இல்லை, அது மிரட்டலையும் அச்சத்தையும் பற்றியது என்று தயாரிப்பாளர்கள் பின்னர் அறிவித்தார்கள். அதே இரண்டு பகுதிகளிலும் புத்தர் பெருமானைப் போதைத்தூள் நுகர்பவராகக் காட்டிய காட்சிகள் வெட்டின்றி ஒளிபரப்பாயின. பௌத்த அயலவர்களோடு வாழ்பவன் என்ற வகையில் அதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பெயரால் நடந்த தணிக்கை, எங்கள் அயலவரின் நெஞ்சைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

உம்முல் மஃமினீன்களின் பெயரைக்கூடச் சங்கையின்றி உச்சரிக்காத உம்மாமார் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். நபியவர்களை உருவமாக வரைவது எங்களுக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பதை எவரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் சவர்க்கார விளம்பரதாரருக்குப் பயந்து ஒரு சொல்லை அணைத்த அதே விரல்தான், கொலை மிரட்டலுக்குப் பயந்து அந்தத் திருப்பெயரையும் அணைத்தது. 162 தடவை எண்ணிக் காட்டப்பட்ட வசைச்சொல்லைவிடக் கூசத்தக்கது போல, எமது நபியின் பெயரின் மேல் பீப் விழுந்தது. மிரட்டியவர்கள் இதைத் தங்கள் வெற்றி என்று எண்ணினார்கள். அவர்கள் வேறொன்றையும் சம்பாதித்துத் தந்தார்கள். சனலின் பயத்தைக் கண்டு கோபம்கொண்ட சியாட்டில் நகரத்துப் பெண் கேலிச்சித்திரக்காரர் ஒருவர், எல்லோரும் வரைவோம் என்று ஒரு நாளைக் குறித்துப் படமொன்று வெளியிட்டார். அதை வேறு பலர் கையிலெடுத்தனர். அந்தப் பெண் தானே பின்வாங்கி வருத்தம் தெரிவித்தும் நிற்கவில்லை. 2010 மே 20 அன்று ஆயிரக்கணக்கானோர் வரைந்து தள்ளினார்கள். பாகிஸ்தானில் நீதிமன்றக் கட்டளைப்படி பேஸ்புக் தடைசெய்யப்பட்டது. அந்தப் பெண் உயிருக்குப் பயந்து தலைமறைவானார். ஒரு கேபிள் சனலின் ஓர் இரவு நிகழ்ச்சியோடு போயிருக்கக்கூடிய இழிவு உலகம் முழுக்கப் பரவியது.

தணிக்கையே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. வகுப்பறையில் தினமும் தணிக்கை செய்கிறவன் நான். ஆனால் ஒரு சொல்லை நிறுத்தும்போது ஏன் என்று மாணவனுக்குச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. அடுத்த வாங்கில் இருப்பவன் சொன்னாலும் அதே காரணம் செல்ல வேண்டும். 1978 இலிருந்து அமெரிக்காவில் எல்லோரும் குழந்தையின் பெயரைத்தான் சொன்னார்கள். இவ்வளவுக்கும் காரணமான அந்தக் காரில் இருந்த ‘இளம் மகனுக்கு’ அன்று வயது பதினைந்து. 1996 இல் சட்டமியற்றி, 2000 ஆம் ஆண்டிலிருந்து புதிய பெட்டிகளில் நிகழ்ச்சிகளைத் தரம் பார்த்து அடைக்கும் சில்லு ஒன்றைப் பொருத்தவும் செய்தார்கள். நிகழ்ச்சிக்குத் தரம் இடுபவர்கள் யாரென்றால், அதை ஒளிபரப்பும் சனல்காரர்களேதான்.

2009 இல் உயர் நீதிமன்றம் போனோ வகை வழக்கொன்றில் தீர்ப்பளித்தபோது நீதியரசர் ஸ்கலியா அந்த வசைச்சொற்களை முழுமையாக எழுதவில்லை. முதலெழுத்தை மட்டும் போட்டார். 1978 இல் அதே நீதிமன்றம் அவற்றைப் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தது. இதற்கிடையில் கேபிள் கம்பியும் பழையதாகி, இணைய வழிச் சந்தா வந்துவிட்டது. 2020 ஜூனில், அன்று 365 வீடுகளோடு தொடங்கிய எச்.பி.ஓ. வின் இணையச் சேவை, சௌத் பார்க் தொடரைத் தன் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டது. 162 தடவை வசை சொல்லும் அத்தியாயம் அதில் இருந்தது. மூலையில் எண்ணியும் ஓடியது. இயேசுவையும் புத்தரையும் கேலி செய்யும் வேறு அத்தியாயங்கள் இருந்தன. ஐந்து அத்தியாயங்கள் மட்டும் இருக்கவில்லை: 2001 இல் ஒன்று, 2006 இல் இரண்டு, 2010 இல் இரண்டு. பீப் சத்தம்கூட இல்லாமல், பட்டியலில் இலக்கங்கள் தாண்டிப் போயிருந்தன.